சிவப்பு அட்டையில் இருபத்திரண்டு குழி

“ஏண்டா, எப்ப வாங்கின இந்த மஞ்சச் சட்டைய?” என்று அக்கா கேட்டாள்.

நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. முந்தின நாள்தான் சலவையிலிருந்து வந்தது. காலை எட்டேகால் மணி, ஜன்னல் திறந்து கிடந்தது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. கிண்டல் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன். எழுபத்தெட்டு வயதிலும் என்னைச் சீண்டாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

“கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டுப் பேசு,” என்றேன்.

“கண்ணாடியே போடலடா. செவுரும் மஞ்சளாத்தான் இருக்கு. லைட்டச் சுத்திப் பச்சையா வளையம் வளையமா...” என்று இழுத்தவள், கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த வாளியில் குனிந்து வாந்தி எடுத்தாள். வந்தது வெறும் தண்ணீர். வயிற்றில் ஏதாவது இருந்தால்தானே.

நாலு நாளாக இதே கதைதான். தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நேற்று ஒரு துண்டு ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தோம், அதுவும் நிற்கவில்லை. வாயு என்றாள் பாப்பா. நானும் வாயு என்றே விட்டுவிட்டேன்.

பாப்பா என்பது அக்காவின் மகள். வயது நாற்பத்திரண்டு, பள்ளிக்கூட ஆபீசில் வேலை, ஐந்நூறு பிள்ளைகளின் கணக்கு வழக்கு அவள் கையில். எங்களுக்கு இன்னும் பாப்பாதான். நாங்கள் மூன்று பேர், மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவள் நல்ல பெண். ஆனால் மறதி என்றால் ஊரில் இல்லாத மறதி. ஒருமுறை வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற குழியில் வைத்துவிட்டு, பூட்டை உடைக்க ஆள் கூட்டி வந்தவள்.

அக்காவுக்கு ஆறு வருடமாக இதயத்துக்கு மாத்திரை. தினம் ஒன்று. சின்ன வெள்ளை மாத்திரை, சிவப்பு அட்டையில் வரும். தினமும் எட்டு மணிக்கு பாப்பா கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாள். போன மாதம் மருந்துக் கடையில் சிவப்பு அட்டை இல்லை என்று பச்சை அட்டையைக் கொடுத்து அனுப்பினான். நான் கடைக்கே போய்க் கேட்டேன்.

“கம்பெனி வேற, மருந்து ஒண்ணுதான் பெரியவரே. நம்பிக் குடுங்க,” என்றான்.

இந்தப் பேச்சை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! நாற்பது வருடம் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவன் நான். செம்புக் கம்பி கேட்டால் அலுமினியக் கம்பிக்குச் செம்பு நிறம் பூசி, “ரெண்டும் ஒண்ணுதான், நம்பிக் கட்டுங்க” என்று தலையில் கட்டுவார்கள். கட்டிக் கொடுத்து மூன்றாம் நாள் மோட்டார் புகைந்து, ஆள் வந்து என் சட்டையைப் பிடிப்பான். விற்றவன் அப்போது கடையிலேயே இருக்க மாட்டான். ஒன்றுதான் என்று எவன் சொன்னாலும் அது ஒன்றில்லை என்று எனக்குப் படிந்துபோன பாடம்.

பச்சை அட்டையில் இருப்பது சுண்ணாம்பு என்று முடிவு கட்டினேன். டாக்டரின் பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் சிவப்பு அட்டை மூன்று வாங்கி வந்தேன். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு, பாப்பா எழுந்திருக்கும் முன்னால், டீயோடு சிவப்பு மாத்திரை ஒன்றை நான் கொடுத்தேன். எட்டு மணிக்குப் பாப்பா பச்சை.

“அவ குடுக்கறதையும் வாங்கி முழுங்கிக்க. அவ மனசு நோக வேணாம். நெஜ மாத்திரை நான் தர்றேன்,” என்று அக்காவிடம் சொன்னேன்.

“ஒனக்கு யாரைத்தாண்டா நம்பிக்கை?” என்றாள். ஆனால் முழுங்கினாள். பாப்பாவிடம் சொல்லவும் இல்லை.

இப்போது அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். தோல் ஈரமாக, சில்லென்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினேன். முப்பத்தாறு. அதுவும் சீராக இல்லை. நாலு அடித்து ஒரு இடைவெளி, இரண்டு அடித்து ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் அடுத்தது வருமா வராதா என்று என் விரல் காத்துக்கொண்டிருந்தது.

என் புத்தி எங்கே போனது தெரியுமா? பச்சை மாத்திரை வேலை செய்யவில்லை, ஒரு சிவப்பு போதவில்லை, அதனால்தான் இதயம் தளர்ந்துபோகிறது என்று போனது. இன்னும் ஒன்று கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். எழுந்து அடுத்த அறைக்குப் போய், என் சாமான் பெட்டியின் அடித்தட்டிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தேன். ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

பாப்பா வேலைக்குக் கிளம்பத் தயாராக, தோளில் பையோடு, ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் பச்சை மாத்திரையுமாக நின்றாள். “வாந்தியில லேட்டாயிடுச்சும்மா. இத மட்டும் முழுங்கிடு.”

“அத விடு பாப்பா. நாடி முப்பத்தாறுதான் அடிக்குது. செவுரு மஞ்சளா தெரியுதாம்.”

அவள் முகம் மாறிவிட்டது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே அவசர எண்ணுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி மேசைமேல் வைத்தாள். ஒரு பெண் குரல் எடுத்தது. பதற்றமே இல்லாத குரல்.

“முழிச்சிருக்காங்களா? பேசறாங்களா?”

“பேசறாங்க. தெளிவா இல்ல.”

“நாடி எவ்வளவு?”

“முப்பத்தாறு,” என்று நான் கத்தினேன். “விட்டு விட்டு அடிக்குது.”

“இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறாங்களா? அட்டையில சின்ன எழுத்துல இருக்கற பேர படிங்க.”

பாப்பா பச்சை அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டினாள். “டி... டிகாக்சின்.”

அந்தக் குரல் வேகமானது. “கேளுங்க. இனிமே ஒரு மாத்திரையும் குடுக்காதீங்க. அந்த மருந்து உடம்புல அதிகமாச்சுன்னா வாந்தி வரும், பசிக்காது, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளா பச்சையா தெரியும், நாடி கொறஞ்சுடும். ஒரு நாளைக்கு எத்தன குடுக்கறீங்க?”

“ஒண்ணு.”

“அவங்களே மறந்து இன்னொண்ணு போட்டிருப்பாங்களா? வேற யாராவது குடுக்கறாங்களா?”

“இல்ல. நான் மட்டும்தான் குடுக்கறேன்,” என்றாள் பாப்பா, பச்சை மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு.

என் மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. விரல்களை மடக்கிக்கொண்டேன்.

அக்கா தலையணையிலிருந்து என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் எதை உடைத்தாலும் அப்பாவிடம் வாயைத் திறக்காதவள் அவள்.

கதவு திறந்துதான் இருந்தது. கீழ்வீட்டு ரேடியோ உள்ளே வந்தாள். அவள் காதுக்கு ஒன்று எட்டினால் பத்து நிமிடத்தில் தெருமுனை வரை ஒலிபரப்பாகிவிடும், அதனால் அந்தப் பேர். கையில் ஒரு டம்ளர்.

“உப்புத் தண்ணி கலக்கிட்டு வந்தேன். குடிக்க வைங்க, எல்லாத்தையும் கக்கிடுவாங்க!”

“யார் அது?” என்றது போன். “வாந்தி எடுக்க வைக்காதீங்க. எதுவும் குடுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நடக்க விடாதீங்க. வண்டி கெளம்பிடுச்சு. வீட்டுல இருக்கற எல்லா மாத்திரையும், காலி அட்டை உள்பட, எடுத்துட்டு வாங்க.”

“போன்ல பேசறது டாக்டரா?” என்று ரேடியோ என்னைக் கேட்டாள்.

“தண்ணிய நீயே குடி,” என்றேன்.

பதினொரு நிமிடத்தில் வண்டி வந்தது. லிப்ட் பழுது. இரண்டு ஆட்கள் அக்காவை ஒரு நாற்காலியில் வைத்து வார் போட்டுக் கட்டி, மூன்று மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பின்னாலேயே, மூடிய கையோடு, இறங்கினேன்.

“ஒருத்தர்தான் ஏறலாம்,” என்றான் வண்டிக்காரன். பாப்பா ஏறினாள். மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்த மற்றவன் நிமிர்ந்து கேட்டான்: “வேற ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, எதுனாலும் சொல்லுங்க.”

“இல்லண்ணா. தெனம் ஒண்ணுதான்.”

அவன் என்னையும் பார்த்தான். எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது, இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. நான் பேசவில்லை. பாப்பா முன்னால் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவ்வளவுதான் காரணம். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வண்டி போய்விட்டது.

தெருவில் நின்று கையைத் திறந்தேன். மாத்திரை வியர்வையில் கரைந்து மாவாக ஒட்டியிருந்தது. இதைக் கொடுத்திருந்தால்? போனில் அந்தப் பெண் கேட்க இன்னும் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் கொடுத்திருப்பேன். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் தினம் ஒன்று என்று எழுதுவார்கள். ஒன்றுக்கு என்ன வைத்தியமோ அதைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று மாடி. என் முழங்காலுக்கு அது தினமும் அரை மணி நேர வேலை. எப்படி ஏறினேன் என்று தெரியாது. சிவப்பு அட்டை மூன்றையும் எடுத்துக் காலிக் குழிகளை எண்ணினேன். முதல் அட்டை பத்து, இரண்டாவது பத்து, மூன்றாவதில் மூன்று. ஒன்று என் கையில் கரைந்தது. அக்காவுக்குக் கொடுத்தது இருபத்திரண்டு.

“பாப்பாவுக்குப் போன் போடு,” என்றேன் ரேடியோவிடம். அவள் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். போட்டாள். எங்கள் மேசைமேல் மணி அடித்தது. போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், மகராசி.

“அவசர நம்பருக்கே போடு.”

“என்னன்னு சொல்ல?”

ஊரிலேயே யாரிடம் சொல்லக் கூடாதோ அவளிடம் சொன்னேன். “இப்ப ஏத்திட்டுப் போன அம்மாவுக்கு தெனம் ஒண்ணு இல்ல, ரெண்டு. இருவத்திரெண்டு நாளா ரெண்டு. நான் தெரியாம குடுத்துட்டேன். அவங்க எடுக்கற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இரு. சொல்லு. யாருகிட்ட வேணா சொல்லு!”

ரேடியோவின் வாய் திறந்தது, மூடியது. “சரிண்ணே,” என்று மட்டும் சொன்னாள். அவளிடமிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது அன்றைக்குத்தான்.

டாக்சிக்காரன் இரண்டு சிக்னலைத் தாண்டி மூன்றாவதில் மாட்டிக்கொண்டான். முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று பின்னால் வர முயன்றுகொண்டிருந்தது. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்றேன். “ரெண்டு தெருதான். ஆனா நகரணுமே.” இறங்கி நடந்தேன். நடந்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. எழுபத்தைந்து வயதுக் கிழவன் கையில் மருந்து அட்டையை ஆட்டிக்கொண்டு ஓடினால் ஜனங்கள் வழி விடுகிறார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும்.

அவசரப் பிரிவு வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். “பாஸ் இருக்கா?”

“உள்ள எங்கக்கா இருக்கா.”

“எல்லாருக்கும் அக்கா உள்ளதான் இருக்காங்க. அங்க போய் வரிசையில நில்லுங்க.”

“தம்பி, அவளுக்கு நான் மருந்த அதிகமா குடுத்துட்டேன். அது டாக்டருக்குத் தெரியாது. வரிசையில நின்னு சொல்றதுக்குள்ள போயிடுவா. நீயே இத எடுத்துட்டுப் போய்க் குடுக்கறதுன்னாலும் சரி.”

அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையைப் பிடித்து அவனே உள்ளே இழுத்துப்போனான்.

திரைக்குப் பின்னால் அக்கா. கண் பாதி மூடியிருந்தது. தலைமாட்டுப் பெட்டியில் பச்சைக் கோடு ஒன்று ஓடி, படுத்து, ரொம்ப நேரம் கழித்து எழுந்தது. எண் முப்பத்திரண்டு. டாக்டர் ஒரு சின்னப் பெண். பார்த்ததும் எனக்கு வழக்கமான எண்ணம்தான் வந்தது: இதற்கு என்ன தெரியும். அவள் பாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பாத்தா அந்த மருந்து அதிகமான மாதிரிதான் இருக்கு. ஆனா தெனம் ஒண்ணுன்னு சொல்றீங்க. ரத்தம் அனுப்பியிருக்கேன், ரிசல்ட் வர ஒரு மணி நேரமாவது ஆகும். அத முறிக்கற மாத்து மருந்து எங்ககிட்ட இருக்கறது ஒரு ஆளுக்குத்தான். வேற காரணமா இருந்தா...”

ரேடியோவின் சேதி இன்னும் இங்கே வந்து சேரவில்லை. “ரெண்டு,” என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

“தெனம் ரெண்டு. அவ ஒண்ணு குடுப்பா, அவளுக்குத் தெரியாம நான் ஒண்ணு குடுப்பேன். இருவத்திரெண்டு நாள். இன்னிக்கு ஆறு மணிக்கு ஒண்ணு குடுத்தேன். பச்ச மாத்திரை இன்னிக்குக் குடுக்கல. இந்தாங்க.”

அட்டைகளை நீட்டினேன். டாக்டர் சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சின்ன எழுத்தில் விரல் நகத்தை ஓட்டினாள். “ரெண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு,” என்றாள் என்னிடம். திட்டும் குரலில் சொல்லவில்லை. “வேற எதாவது குடுத்தீங்களா? இப்ப சொல்லிடுங்க.”

“இல்ல. சத்தியமா இல்ல.”

அவள் திரும்பி, “மாத்து மருந்து எடுங்க, இப்பவே,” என்று நர்சிடம் சொன்னாள். “பொட்டாசியம் எவ்வளவுன்னு லேப்ல போன்ல கேளுங்க. நாடி இன்னும் எறங்கினா அதுக்கான ஊசி கையில இருக்கட்டும்.” பிறகு எங்களை வெளியே போகச் சொன்னாள்.

வெளியே ஒரு இரும்பு பெஞ்சு. பாப்பா ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம்.

“ஏன் மாமா?” என்றாள்.

“பச்ச மாத்திரை சுண்ணாம்புன்னு நெனச்சேன்.”

“அது இல்ல. அத நீ நெனப்பதான், ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? போன்ல அந்தப் பொண்ணு கேட்டப்ப ஏன் சொல்லல? வண்டியில கேட்டப்ப ஏன் சொல்லல?”

“ஒன் முன்னால...”

“என் முன்னால என்ன? நான் என்ன போலீசா?” அவள் குரல் உயர்ந்தது. எதிர் பெஞ்சுக்காரர் தலையைத் தூக்கினார். “நான் அடிச்சுச் சொல்றேன் அங்க, ஒண்ணுதான் ஒண்ணுதான்னு. அந்த டாக்டரம்மா நம்பலன்னதும் எனக்குக் கோவம் வந்துச்சு தெரியுமா? நானே மறந்துபோய் ரெண்டு தடவ குடுத்துட்டேனோன்னு வண்டியில வர்ற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். என் மறதிதான் அம்மாவக் கொல்லுதுன்னு நெனச்சேன் மாமா.”

அவள் அழுதாள். நான் அவள் பக்கம் நகர்ந்து உட்காரலாமா என்று பார்த்தேன். அவள் நடுவில் தன் பையை வைத்தாள்.

ஒரு மணி நேரம் போனது. ஒருமுறை உள்ளே ஏதோ பெட்டி விடாமல் கத்தியது, இரண்டு பேர் ஓடினார்கள். பாப்பா எழுந்து நின்றுவிட்டாள். நானும் எழுந்தேன். சத்தம் நின்றது. எதனால் நின்றது என்று யாரும் வந்து சொல்லவில்லை. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். பாப்பா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெரிந்து பிடித்தாளா தெரியாமலா, நான் அசையவில்லை.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அந்தச் சின்ன டாக்டர் வந்தாள்.

“அம்பத்தெட்டு,” என்றாள். “சீரா அடிக்குது. ரத்தத்துலயும் அந்த மருந்துதான் ரொம்ப அதிகமா இருக்கு. வயசானவங்களுக்குக் கிட்னி மெதுவாத்தான் வெளிய தள்ளும், அதான் தெனம் கொஞ்சம் கொஞ்சமா சேந்துபோச்சு. மூணு நாள் இங்கயே இருக்கணும்.” என்னைப் பார்த்தாள். “நீங்க சொன்னதாலதான் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஆரம்பிச்சோம்.”

பாராட்டு மாதிரி இருந்தது. எனக்கு வேண்டாம். ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை அக்கா தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, ரொட்டித் துண்டை மென்றுகொண்டிருந்தாள். பாப்பா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். அதுவும் “தள்ளு”, “பிடி” என்கிற அளவில். நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள்.

“வீட்டுல மாத்திரைக்கு யாரு பொறுப்பு? ஒருத்தர் பேர்தான் எழுதணும்.”

நான் பாப்பாவைப் பார்த்தேன். “அவ பேர எழுதுங்க,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

“மாமா பேரும் வேணாம், என் பேரும் வேணாம்,” என்றாள் பாப்பா. “நான் மறந்துட்டா?”

“நீ மறக்க மாட்ட.”

“இப்பதான் தெரிஞ்சுதா ஒனக்கு?”

“ரெண்டு பேரும் வாய மூடறீங்களா?” என்றாள் அக்கா. “நாலு வருஷம் நான் பள்ளிக்கூடத்துல வாத்தியார் இல்லாத நேரம் பாடம் எடுத்தவ. எனக்கு எழுத்துத் தெரியும், எண்ணத் தெரியும். இத்தன நாள்ல எவனாவது அட்டைய என் கையில குடுத்தீங்களா? பொம்மைக்கு ஊட்டற மாதிரி ஆளாளுக்கு ஊட்டினீங்க. நானும் ஆளாளுக்கு வாயத் தொறந்தேன், அது என் தப்பு. எழுதும்மா. என் பேர எழுது.”

நர்ஸ் சிரித்தபடி எழுதினாள். டாக்டர் மறுபடி ஆரம்பிக்கச் சொன்ன பிறகுதான் மாத்திரை, அதுவும் இனிமேல் பாதிதான் என்றாள். தினமும் போடுவதற்கு முன்னால் நாடி எண்ண வேண்டும், முழு நிமிடம். அறுபதுக்குக் கீழே இருந்தால் போடாமல் இங்கே போன் செய்ய வேண்டும். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது என்று அக்காவின் இரண்டு விரல்களை எடுத்து அவள் மணிக்கட்டில் வைத்துக் காட்டினாள். “இங்க தெரியுதா? அந்தக் கடிகாரத்தப் பாருங்க. எண்ணுங்க.”

அக்கா உதடு அசைய எண்ண ஆரம்பித்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் பாப்பா, இந்தப் பக்கம் நான். அக்காவின் விரல் சரியான இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

“அக்கா, வெரல இன்னும் கொஞ்சம் உள்ள...”

“பேசாதடா,” என்றாள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “எண்ணிக்கிட்டு இருக்கேன்ல.”